சீட்டில் அதிர்ஷ்டத்துக்கு எவ்வளவு பங்கு?

'அவனுக்கு நல்ல சீட்டு விழுந்தது, ஜெயிச்சுட்டான்' என்று சொல்லாத சீட்டாட்டம் உண்டா? டூப்ளிகேட் பிரிட்ஜில் அந்தச் சாக்கு செல்லாது.

ராஜபாளையத்தில் ஒரு மேஜை, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மேஜை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி பிரித்த சீட்டுதான். உங்கள் கையில் இருக்கும் அதே 13 சீட்டு, அங்கேயும் ஒருவர் கையில் இருக்கும். அவரைவிட நன்றாக ஆடினால்தான் உங்களுக்குப் புள்ளி.

அப்படியானால் அதிர்ஷ்டமே இல்லையா? கொஞ்சம் உண்டு. ராஜா யாரிடம் இருக்கிறது என்பது சில சமயம் பாதிக்குப் பாதி ஊகம்தான். எதிராளி சொதப்பினாலும் உங்களுக்கு லாபம். ஆனால், ஆட்டங்கள் கூடக் கூட அதிர்ஷ்டம் தேய்ந்து திறமை மிஞ்சும்.

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில், 60 வயது பிரணாப் பர்தனும் 56 வயது ஷிப்நாத் சர்க்காரும் ஆண்கள் ஜோடிப் பிரிவில் தங்கம் வென்றார்கள். வெறும் அதிர்ஷ்டத்தை நம்பி எட்டக்கூடிய இடமா அது?