மொக்கு என்று ஒரு பிள்ளையும் பிறப்பதில்லை

"இவனுக்குப் படிப்பு ஏறாது." "சரியான மொக்கு." "குழப்படிக்காரன், ஓரிடத்தில் இருக்கமாட்டான்." குறிஞ்சாக்கேணி தொடங்கி மூதூர், சம்பூர் வரை, தற்காலிகக் கொட்டில்களிலும் மீள்குடியேறிய கிராமங்களிலும் நாம் அடிக்கடி கேட்கும் சொற்கள் இவை. பெற்றோர் இவற்றை வெறுப்பினால் சொல்வதில்லை. காணி போய், மாடு கன்று போய், மிஞ்சிய ஒரே நம்பிக்கை பிள்ளையின் படிப்புத்தான் என்றாகிவிட்ட வீட்டில், அதுவும் கைவிட்டுப் போகிறதே என்ற தவிப்பில் சொல்கிறார்கள். ஆனால் கேட்டு வளரும் பிள்ளை அதைத் தவிப்பாக எடுத்துக்கொள்வதில்லை. தன் பெயராகவே எடுத்துக்கொள்கிறது. இதைப் பற்றித்தான் இம்முறை உங்களோடு பேச விரும்புகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். சில பிள்ளைகளுக்கு அறிவில் குறைவில்லை. எழுத்தை ஒலியோடு இணைப்பதுதான் கடினம். ல, ள, ழ குழம்பும். கொம்பும் அரவும் இடம் மாறும். வாசித்த வரி அடுத்த கணம் மறந்துபோகும். 1896 இல் பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கில வைத்தியர் இத்தகைய 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். எல்லாவற்றையும் வாய்மொழியாகவே கற்பித்தால் பாடசாலையிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனது ஆசிரியர் கருதினாராம். இதைக் கற்றல் இடர்பாடு என்கிறோம்.

வேறு சில பிள்ளைகளால் கவனத்தை ஒன்றில் நிறுத்தவோ, கைகாலை அடக்கி இருக்கவோ முடியாது. 1902 இல் லண்டனில் ஜோர்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றி விரிவுரை நிகழ்த்தினார். உலகில் 100 பிள்ளைகளில் ஏறத்தாழ 5 பேருக்கு இந்நிலை இருப்பதாக இன்று கணிக்கப்படுகிறது. இது மூளையின் வளர்ச்சியோடு தொடர்புடையது, பரம்பரையாகவும் வருவது. தாயின் வளர்ப்புப் பிழையுமல்ல, செய்வினையுமல்ல, முன்னோர் பாவமுமல்ல.

எமது மாவட்டத்தில் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 2004 டிசெம்பர் 26 இல் கடல் வந்தது. 2006 இல் மாவிலாற்றில் தொடங்கிய சண்டை மூதூர் கிழக்கையே பெயர்த்தது. சம்பூர் மக்கள் பலர் 2015, 2016 வரையும் கிளிவெட்டியிலும் கட்டைபறிச்சானிலும் முகாம்களில் கிடந்தார்கள். 2021 நவம்பர் 23 இல், பாலம் கட்டி முடியாத குறிஞ்சாக்கேணிக் களப்பில் படகுப்பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள். பயந்த பிள்ளையும் ஓரிடத்தில் இருக்காது. சத்தம் கேட்டால் திடுக்கிடும், இரவில் உறங்காது, வகுப்பில் கண் யன்னலிலேயே நிற்கும். பார்ப்பவருக்கு இதுவும் குழப்படியாகவே தெரியும்.

ஆகவே முத்திரை குத்துமுன் சில கேள்விகளைக் கேட்போம். சின்ன வயதிலிருந்தே, வீட்டிலும் வெளியிலும் ஒரேமாதிரி இப்படியா? அல்லது ஒரு சம்பவத்துக்குப் பிறகா? பிள்ளைக்குக் கண் தெரிகிறதா, காது கேட்கிறதா? காலையில் சாப்பிட்டுத்தான் போகிறதா? இவற்றுக்கு விடை கண்டபின்னும் சந்தேகம் இருந்தால், வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரையும் வைத்தியசாலையின் உளநலப் பிரிவையும் நாடலாம். சில பிள்ளைகளுக்கு மருந்து உதவும்; அதைத் தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியர். உளநலப் பிரிவுக்குப் போவது வெட்கமல்ல.

இனி எமது முக்கிய கருத்துக்கு வருவோம். ஒரு பிள்ளை தன்னைப் பற்றித் தன் உள்ளத்தில் வைத்திருக்கும் படத்தை உளவியலாளர் தன்னெண்ணம் என்பர். கற்றல் இடர்பாடுள்ள பிள்ளைகளிடம் செய்யப்பட்ட ஆய்வுகள் ஒரு பயனுள்ள உண்மையைக் காட்டுகின்றன. படிப்பைப் பொறுத்தவரை அவர்கள் தம்மைத் தாழ்வாகவே மதிக்கிறார்கள். ஆயினும், "நான் பெறுமதியுள்ளவன்" என்ற மொத்த எண்ணம் பலரிடம் அவ்வளவாக விழுந்துவிடுவதில்லை. ஏனெனில் மதிப்புப் பெற அவர்களுக்கு வேறு இடங்களும் உண்டு: வீடு, விளையாட்டு, நட்பு, கைவேலை.

எமது விவசாயக் குடும்பங்களில் அந்த வேறு இடம் எது? வயல். வகுப்பில் கடைசி வாங்கில் இருந்தவன், பின்னேரம் வக்கடை வெட்டித் தண்ணீர் கட்டத் தெரிந்தவனாக இருந்தான். கதிர் முற்றும் நாளில் கிளி துரத்த அவனைப்போல் ஓட ஆளில்லை. எந்தப் பசு எப்போது கன்று போடும் என்று தகப்பனுக்கு முன்னே சொல்வான். ஓரிடத்தில் இருக்கமாட்டாத அதே கால்கள் அங்கே குறையாக இல்லை, பயனாக இருந்தன. இடப்பெயர்வு இந்த இடத்தைப் பறித்துவிட்டது. முகாமில் பிள்ளையை அளக்க ஒரே ஒரு கோல்தான் மிஞ்சியது: அப்பியாசக் கொப்பி. அதிலும் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை வந்துவிட்டால் ஊரே அந்தக் கோலைக் கையில் எடுக்கிறது. காணியை இழந்தபோது நெல்லை மட்டும் நாம் இழக்கவில்லை. எமது பிள்ளைகள் சிலர் தாம் கெட்டிக்காரராய் நின்ற ஒரே இடத்தையும் இழந்தார்கள். காணி கேட்பதும் கல்வி கேட்பதும் இரண்டு வேறு கோரிக்கைகள் என்று எவரும் நினைக்கவேண்டாம்.

இதைச் சொல்வதால் பிள்ளையைப் பாடசாலையால் மறித்து வேலைக்கு அனுப்பச் சொல்கிறோம் என்று கொள்ளாதீர்கள். பாடசாலை முடிந்தபின் அவனுக்கே உரிய ஒரு பொறுப்பைக் கொடுங்கள் என்கிறோம். கோழிக்கூடோ, நாலு மிளகாய்ப் பாத்தியோ, துவிச்சக்கரவண்டி திருத்துவதோ, எதுவாகவும் இருக்கட்டும். அதை அவன் நன்றாகச் செய்யும்போது பிறர் கேட்கச் சொல்லுங்கள்.

இப்போது மனதை ஒருமுகப்படுத்தும் பயிற்சிகள் பற்றி அதிகம் பேசப்படுகிறது. மூச்சைக் கவனித்து, இக்கணத்தில் விழிப்போடு இருக்கப் பழகுதல் என்பதே இதன் சாரம். எமக்கு இது புதிதல்ல. பௌத்தர் இதை சதி என்பர். இஸ்லாமியச் சகோதரர் ஐவேளைத் தொழுகையில் மனதை ஒன்றுபடுத்தப் பழகுகிறார்கள். எமது திருச்சபையில் புனித இஞ்ஞாசியார் நாளாந்த ஆன்மபரிசோதனையைத் தந்தார். கவலைப்பட்ட மக்களிடம் வயல்வெளி மலரையும் வானத்துப் பறவையையும் உற்றுப்பார்க்கச் சொன்னவர் எம் ஆண்டவரே.

பலன் உண்டா? ஆழிப்பேரலைக்குப் பின் வடகிழக்கு முகாமொன்றில் 31 பிள்ளைகளிடையே செய்யப்பட்டு 2009 இல் வெளியான ஆய்வில், பயிற்றப்பட்ட உள்ளூர் ஆலோசகர்கள் 6 அமர்வுகளே நடத்தினார்கள். நடந்ததைக் கதையாகச் சொன்ன பிள்ளைகளும், தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்த பிள்ளைகளும் பெரும்பாலும் தேறினார்கள். நெதர்லாந்தில் 2012 இல் வெளியான ஓர் ஆய்வில், மிகை இயக்கமுள்ள பிள்ளைகளோடு பெற்றோரும் பயிற்சி பெற்றபோது வீட்டில் மாற்றம் தெரிந்தது. ஆசிரியர்களோ வகுப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணவில்லை. பிரித்தானியாவில் 8,000 இற்கு மேற்பட்ட மாணவரிடையே நடந்து 2022 இல் வெளியான பெரிய ஆய்வில், முழு வகுப்புக்கும் பொதுவாகக் கற்பித்ததால் மேலதிக நன்மை எதுவும் தெரியவில்லை.

இதிலிருந்து நாம் விளங்கிக்கொள்வது இதுதான். மூச்சுப் பயிற்சி சர்வரோக நிவாரணியல்ல. அடியும் ஏச்சும் தொடரும் வகுப்பில் கண்ணை மூடி இருக்கச் சொல்வதால் பிள்ளை அமைதி பெறாது. முதலில் பழகவேண்டியவர்கள் நாமே. கை ஓங்குமுன் மூன்று மூச்சு எடுக்கும் தாய் தகப்பன் இருக்கும் வீட்டில்தான் பிள்ளை மூச்சைக் கவனிக்கப் பழகும். மட்டக்களப்பில் 1996 இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவை நினைத்துப் பாருங்கள். கனடியக் கலைஞர் போல் ஹோகனும் இயேசுசபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளாரும் முன்னின்ற அப்பூங்காவில், தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒன்றாக மண் பிசைந்தார்கள், வரைந்தார்கள், கதை சொன்னார்கள். புள்ளி போட்டுத் தரம் பிரிப்பதற்கு அங்கே இடமில்லை.

நாம் செய்யக்கூடியவை எவை? பாடசாலைகளில் உடற்தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை கூறுகிறது. பெற்றோர் இதை அறிந்திருக்கவேண்டும். ஆசிரியர்கள் இப்பிள்ளைகளை முன்வரிசையில் இருத்தி, வேலையைச் சிறு துண்டுகளாகக் கொடுத்து, வாய்மொழியாகவும் விடை சொல்ல இடமளிக்கலாம். இடையிடையே எழுந்து நடக்கவும் விடலாம். வீட்டில் விளக்கு வைத்தபின் ஐந்து நிமிடம் எல்லோரும் அமைதியாக இருந்து, இன்று நன்றாய்ப் போன ஒன்றை ஒவ்வொருவரும் சொல்லலாம். மாதர் சங்கமும் பங்குச் சபையும் பள்ளிவாசல் நிர்வாகமும் கோவில் சபையும் சேர்ந்தால், ஊருக்கொரு மாலை வகுப்பும் ஒரு சிறு தோட்டமும் பெரிய காரியமல்ல.

பள்ளக் காணிக்கு நெல், மேட்டுக்கு எள்ளும் குரக்கனும் என்று எமது விவசாயிக்குத் தெரியும். மேட்டில் நெல் வரவில்லையென்று மண்ணை எவரும் ஏசுவதில்லை. மண்ணுக்குக் காட்டும் இந்தப் பொறுமையைப் பெற்ற பிள்ளைக்கும் காட்டுவோம். இன்று பின்னேரம் அவன் பாடசாலையால் வரும்போது, கொப்பியைக் கேட்குமுன் அவன் முகத்தைப் பார்ப்போம்.