இதுவும் ஆஸ்பத்திரி வேலைதாங்க!

2020 மார்ச் 22, சாயங்காலம் அஞ்சு மணி. தட்டு, கரண்டி, கிண்ணம்னு கையில கிடைச்சதை எடுத்துக்கிட்டு வாசல்ல நின்னு நாடே தட்டுச்சே, ஞாபகம் இருக்கா மக்களே? டாக்டர், நர்ஸ், ஆம்புலன்ஸ்காரர், தூய்மைப் பணியாளர்... எல்லாம் நியாயமான தட்டுதான். ஆனா அதே மருத்துவத்துக்காக ராத்திரி முழுக்கப் பொட்டி தட்டின ஒரு கூட்டம் இருக்கு. அவங்களை அன்னிக்கும் யாரும் கண்டுக்கல, இன்னிக்கும் கண்டுக்கல. மெடிக்கல் பில்லிங் பசங்களையும் பொண்ணுங்களையும்தான் சொல்றேன்.

"அட போப்பா, அமெரிக்காக்காரனுக்கு பில்லு போடுறது மருத்துவ வேலையா?"ன்னு கேப்பீங்க. மேட்டரே அதுதான்.

முதல்ல இது என்ன வேலைன்னு தெரியாதவங்களுக்கு. அமெரிக்காவுல டாக்டர் நோயாளியைப் பாத்து முடிச்சதும் பில்லு இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போகும். என்ன நோய், என்ன வைத்தியம், எங்க வச்சுப் பாத்தாரு, எல்லாத்துக்கும் ஒரு நம்பர். ஒரு நம்பர் பிசகினாலும் "காசு கிடையாது"ன்னு திருப்பி அனுப்பிருவாய்ங்க. அதுக்குப் பேரு டினையல். அப்புறம் போனைப் போட்டு, ஏன்னு கேட்டு, திருத்தி அனுப்பணும். சென்னை, திருச்சி, கோவை, மதுரைன்னு ஆயிரக்கணக்கான நம்ம பிள்ளைங்க பண்றது இதைத்தான். எங்க சித்தப்பா பரவை காய்கறி மார்க்கெட்டுல கமிஷன் கடைக் கணக்கு எழுதுறவர். அவரு மக இந்த வேலைக்குப் போனப்போ, "அட, சீட்டுல எடை தப்பா எழுதினா யாவாரி காசு குடுக்க மாட்டான்ல, அதுமாதிரிதான"ன்னு ஒரே வரியில புரிஞ்சுக்கிட்டார். நமக்குத்தான் இம்புட்டு விளக்கம் தேவைப்படுது :-)

சரி, கொரோனாவுக்கு வருவோம். அமெரிக்காவுல முதியவர்களுக்கான அரசு இன்சூரன்ஸ் மெடிகேர். அதுல வீடியோ வைத்தியத்துக்கு முன்னாடி ஏகப்பட்ட கட்டுப்பாடு. பெரும்பாலும் கிராமப்புற நோயாளிக்குத்தான், அதுவும் அவரு ஒரு கிளினிக்குக்குப் போய் உக்காந்துதான் திரையில டாக்டரைப் பாக்கணும். 2020 மார்ச் 17ல அதைத் தூக்கிட்டாங்க. மார்ச் 6ல இருந்தே செல்லும், எந்த ஊரா இருந்தாலும் வீட்டுல இருந்தே பாக்கலாம்னு அறிவிப்பு. 2019ல மெடிகேர்ல சுமார் 8.4 லட்சமா இருந்த டெலிமெடிசின் சந்திப்பு, 2020ல 5.27 கோடி ஆச்சுன்னு அந்த நாட்டு சுகாதாரத் துறை அறிக்கையே சொல்லுது. அத்தனைக்கும் பில்லு போட்டாகணும். யாரு போடுறது?

போடுறது கூட பெரிசில்ல. விதி வாரத்துக்கு ஒண்ணா மாறுச்சு. வீடியோவுல பாத்தா இடத்துக்கான நம்பர் 02ன்னுதான் அதுவரைக்கும் வழக்கம். மார்ச் கடைசியில மெடிகேர், "நேர்ல வந்திருந்தா எந்த நம்பர் போடுவீங்களோ அதையே போடுங்க, கூட 95னு ஒரு ஒட்டு சேருங்க"ன்னு மாத்துச்சு. கிளினிக் டாக்டருக்கு 11. பழைய 02ஐயே போட்டா கிடைக்கிற தொகை குறைவு. அங்க கிளினிக் வெறிச்சோடிக் கிடந்தாலும் வாடகையும் நர்ஸ் சம்பளமும் நிக்காதே. இதுல தனியார் இன்சூரன்ஸ்காரங்க ஆளுக்கொரு விதி. வெறும் போன்ல பேசினதுக்கு 99441ல இருந்து 99443 வரைக்கும் தனி நம்பர். அதுக்குக் கொஞ்சமாத்தான் காசு குடுத்துக்கிட்டு இருந்தாங்க. ஏப்ரல் 30ல, நேர்ல பாக்குறதுக்கு ஈடா ஏத்துறோம், மார்ச் 1ல இருந்தே கணக்குன்னு சொன்னாங்க.

இன்னொண்ணு சொல்றேன், இதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாப் பட்டது. கொரோனா டெஸ்ட் எடுக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் குடுத்த சந்திப்புக்கு மெடிகேர் நோயாளி தன் பங்குன்னு ஒரு பைசா கட்ட வேணாம்னு சட்டம் வந்துச்சு. 2020 மார்ச் 18ல இருந்து. அந்தச் சலுகை நடைமுறைக்கு வரணும்னா பில்லுல "சி.எஸ்."னு ரெண்டு எழுத்து சேக்கணும். அது விட்டுப்போனா, காய்ச்சலோட தனியாக் கிடக்குற ஏதோ ஒரு பாட்டி வீட்டுக்கு, சட்டப்படி கட்ட வேண்டியதில்லாத பணத்துக்கு பில்லு போய் நிக்கும். பரவையில ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தி அந்த ரெண்டு எழுத்தைத் தட்டுனாளா இல்லையாங்கறது அங்க ஒருத்தரோட நிம்மதி. இது மருத்துவ வேலை இல்லாம வேற என்ன?

இப்ப நம்ம ஊருக்கு வாங்க. பரவைன்னா வெளியூர்க்காரங்களுக்கு முனியம்மாதான் ஞாபகம் வருவாங்க. அவங்களும் ஊரடங்கு ஆரம்பிச்ச சில நாள்லயே, 2020 மார்ச் 29ல, போய்ச் சேந்துட்டாங்க. ஜூன் மாசம் மார்க்கெட்டுல தொற்று பரவி கடைகளை மூடிட்டாங்க. ஜூன் 24ல இருந்து மதுரை மாநகராட்சி, பரவை பேரூராட்சி, சுத்தியிருக்க ஒன்றியங்களுக்கு முழு ஊரடங்கு. நீட்டி நீட்டி ஜூலை 14 வரைக்கும் போச்சு. சித்தப்பாவுக்கு வேலை இல்ல. அந்த மூணு வாரமும் அந்த வீட்டுல அடுப்பு எரிஞ்சது தங்கச்சி சம்பளத்துல.

அவ வேலை பாத்தது எப்படி? ஒரு ஹால், ஒரு ரூம் உள்ள வீடு. நோயாளி விவரம் வெளிய போகக்கூடாதுன்னு சொல்றது அமெரிக்காவோட ஹிப்பா சட்டம். அதனால கதவைச் சாத்தின தனி ரூம் வேணும், மேசையில பேனா பேப்பர் இருக்கக்கூடாது, செல்போன் கிட்டக்கவே வரக்கூடாதுன்னு கம்பெனி உத்தரவு. அங்க டாக்டர்களுக்கு மட்டும் பேஸ்டைம், ஸ்கைப்ல பாத்தாலும் அபராதம் இல்லன்னு சலுகை குடுத்தாங்க. பில்லு போடுறவளுக்கு அது கிடையாது! ஆக இருந்த ஒரே ரூமையும் அவளுக்கு விட்டுட்டு மத்த நாலு பேரும் ஹால்ல. அமெரிக்கக் கிழக்குக் கரையில காலை எட்டு மணின்னா நமக்கு சாயங்காலம் அஞ்சரை. விடிய விடிய வேலை, பகல்ல தூக்கம். சனங்க எல்லாம் வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடந்த நேரத்துல பகல் தூக்கம் எப்படி இருந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கங்க.

கரண்டு வேற. நம்ம ஊர்ல கரண்டு கட்டுக்கு அணிலைக் காரணம் சொன்ன அமைச்சரை 2021ல பாத்தோம். ஆனா அந்தக் கம்பெனி அணில் கதையெல்லாம் கேக்கல. பேரு வேணாம். ரெண்டு மணி நேரம் கரண்டு போச்சுன்னா அரைநாள் சம்பளம் கட்டு. யூபிஎஸ் வாங்கினது சித்தப்பா காசு. நெட் பில்லு அவ காசு.

முன்னாடி இந்த மாதிரி கம்பெனிங்க ஆளுங்களை வீட்டுல இருந்து வேலை வாங்கணும்னா தொலைத்தொடர்புத் துறைக்குப் பிணைத்தொகை கட்டி அனுமதி வாங்கணும். 2020 மார்ச் 13ல அதைத் தற்காலிகமாத் தளர்த்தினாங்க. நவம்பர் 5ல விதிமுறையையே எளிமையாக்கிட்டாங்க. நல்லது, வேலை போகாம இருந்துச்சு. ஆனா கம்பெனிக்குப் பாரத்தை எறக்கி வைக்க இவ்வளவு வேகமா யோசிச்சவங்க, அந்தப் பாரம் யார் வீட்டுத் தலையில எறங்குதுன்னு யோசிச்சாங்களா?

நிற்க. எதிர்க்கட்சி வாதத்தையும் நானே சொல்லிடுறேன். அதே 2020 ஏப்ரல்ல நம்ம அரசாங்கத்தோட இ-சஞ்சீவனி வந்துச்சு. வீட்டுல இருந்தே டாக்டர்கிட்ட பேசலாம், ஓசி. ஆரம்பத்துல நாட்டிலேயே அதிகமா பயன்படுத்தினது தமிழ்நாடுதான். பில்லும் இல்ல, நம்பரும் இல்ல, டினையலும் இல்ல. நோயாளி பக்கம் நின்னு பாத்தா அதுதான் ஒழுங்கான முறை. அமெரிக்காக்காரன் இன்சூரன்ஸை இடியாப்பச் சிக்கலாக்கி வச்சிருக்கறதாலதான் நம்ம பிள்ளைங்களுக்கு இந்த வேலையே. மறுக்கல. ஆனா சிக்கலை உண்டாக்கினது இவங்க இல்ல. அவிழ்த்துக் குடுத்தவங்கதான் இவங்க.

எனவே மாலை மரியாதை எல்லாம் நான் கேக்கல. கேக்குறது மூணே மூணு. வீட்டுல இருந்து வேலை வாங்குற கம்பெனி நெட்டுக்கும் கரண்டுக்கும் காசு குடுக்கணும். கரண்டு போனதுக்கு சம்பளத்துல கை வைக்கக்கூடாது. இந்த வேலையை "டேட்டா என்ட்ரி"ன்னு அனுபவச் சான்றிதழ்ல எழுதுறதை நிப்பாட்டணும். வாரத்துக்கு வாரம் மாறுன விதியை ராத்திரியில படிச்சு, விடியறதுக்குள்ள சரியாப் போட்டவங்க அவங்க. அந்த 99441 வரிசையை 2025 ஜனவரி 1ல இருந்து எடுத்தே போட்டாங்க. நம்பர் போயிருச்சு, கத்துக்கிட்ட திறமை போகல. அதுக்குச் சரியான பேர் வச்சு எழுதினாத்தான் அடுத்த வேலைக்குப் போறப்ப மதிப்பு.

டிஸ்கி: உங்க வீட்டுலயோ தெருவுலயோ இந்த வேலை பாக்குற பிள்ளை இருந்தா, பகல்ல கொஞ்சம் டிவி சவுண்டைக் குறைங்கப்பு. புண்ணியமாப் போகும்.