தெத்துப்பல்லும் இருபது பஸ் பயணங்களும்

பற்கள் நெருக்கியடித்து முளைப்பதை நம்மவர்கள் இரண்டு விதமாகப் பார்க்கின்றனர். தெத்துப்பல் அதிர்ஷ்டம் என்பது ஒன்று. கம்பி போடுவது பணமுள்ளவர்கள் அழகு பார்க்கும் காரியம் என்பது மற்றையது. இரண்டையும் நான் ஏற்பதில்லை. நெருங்கிய பற்களுக்கிடையில் பிரஷ் சரியாகச் செல்லாது. ஊத்தை தங்கும், சூத்தையும் முரசு நோயும் எளிதில் வரும்.

புத்தளம் மாவட்டத்தில், மதுரங்குளியை அடுத்த கனமூலை போன்ற ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்வோம். ஏழு வயதுப் பிள்ளைக்குக் கடைவாயில் சூத்தை. "விழுகிற பல்தானே, பிடுங்கிவிடுங்கள்" என்பார் வாப்பா. பல வீடுகளில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

பாற்பற்கள் 20. அவற்றில் கடைசிப் பல் பத்து, பன்னிரண்டு வயது வரை இருந்து, பின்னால் வரும் நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைக்க வேண்டியது. ஆறு வயதளவில் அதற்கும் பின்னால் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. எதுவும் விழாமல் முளைப்பதால் அதையும் பாற்பல் என்றே பெற்றோர் எண்ணிவிடுகின்றனர். பாற்பல்லை முன்கூட்டியே பிடுங்கினால் இந்தப் பல் முன்னோக்கிச் சரிந்து காலி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மேற்தாடையில் வேட்டைப்பல் பதினொன்று, பன்னிரண்டு வயதில் பிந்தி வருவது. அதற்குள் இடம் முடிந்துவிட்டால், பாவம், அது வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். நாம் தெத்துப்பல் என்பது பெரும்பாலும் இதைத்தான்.

பரம்பரையும் காரணம்தான். தாடை சிறிதாகவும் பல் பெரிதாகவும் அமைந்தவர்கள் உண்டு. ஆனால் அதை மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. சண்டிகார் நகரத்து இளைஞரையும் சுற்றுக் கிராமத்து இளைஞரையும் ஒப்பிட்டு கொருச்சினி குழுவினர் 1983 இல் வெளியிட்ட ஆய்வு, நகரத்தாரிடமே பல் ஒழுங்கீனம் அதிகம் என்றது. மெல்ல வேண்டாத மென்மையான உணவால் தாடை போதுமானளவு வளர்வதில்லை என்பது அவரது விளக்கம்.

இனி, சிகிச்சை. கம்பி வழக்கமாக ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் இருக்கும். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு தடவை சென்று முறுக்க வேண்டும். கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ இருபது பயணங்கள். கொழும்பு தேசிய பல் வைத்தியசாலையில் இலவசம்தான். ஆனால் கனமூலையிலிருந்து அது நூறு கிலோமீற்றருக்கும் அதிகம். கூலித் தொழிலாளிக்கு ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் சம்பளம், பிள்ளைக்கு ஒரு நாள் பாடம். இலவசம் என்ற சொல்லைப் பெருமையுடன் உச்சரிக்கும் நம் அரசியல்வாதிகள் பஸ் கட்டணத்தை அதில் சேர்ப்பதில்லை.

இடம் போதாவிட்டால் நல்ல முன்கடைவாய்ப் பற்களைப் பிடுங்கவும் நேரிடலாம். மேற்பல்லைப் பிடுங்கினால் கண் மங்கும் என்று மூத்தவர்கள் தடுப்பர். பல்லுக்கும் பார்வைக்கும் அப்படி ஒரு தொடர்பு கிடையாது.

மூன்று முதல் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளைப் பார்ப்பதற்கென்றே பாடசாலைப் பல் சிகிச்சையாளர்கள் நம் நாட்டில் பயிற்றப்படுகின்றனர். சூத்தையான பாற்பல்லை அவர்கள் அடைத்துக் காப்பாற்றுவர். பிடுங்கியே ஆகவேண்டுமென்றால், இடத்தைக் காக்க ஒரு சிறு கம்பி வளையம் பொருத்த முடியுமா என்று பல் வைத்தியரிடம் கேளுங்கள். பெற்றோர் செய்யக்கூடியது இவ்வளவுதான். பற்சீரமைப்பு நிபுணர் மாதம் ஒரு நாளேனும் கரையோர வைத்தியசாலைகளுக்கு வந்துபோக ஏற்பாடு செய்வது சுகாதார அமைச்சின் வேலை.