மகர ஒட்டும் மொழியுறவும்

உத்தமம், மத்திமம், அதமம் என்னும் சொற்கள் வடமொழியினின்று வந்து தமிழில் நெடுநாளாகப் பயின்று வருவன. இவற்றின் ஈற்றயலில் நிற்கும் மகரம், 'எல்லாவற்றினும்' என்று வரம்பு கட்டும் தொன்மையான ஒட்டொன்றன் எச்சமாகும். அதமம் என்பதும், கடைப்பட்டதைக் குறிக்கும் இன்ஃபிமுஸ் என்னும் இலத்தீன் சொல்லும் ஒரே மூலத்தினின்று கிளைத்தவை.

பண்டை இத்தாலியில் இலத்தீனோடு ஆஸ்கன், உம்பிரியன் முதலிய உறவு மொழிகளும் வழங்கின. இவற்றை இத்தாலிக் கிளை என்பர். இக்கிளையில் மிகுதியுணர்த்தும் பெயரடைகள் பிறந்த வகை ஆராயத்தக்கது. மாகிஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்கு 'இன்னும் மிகுதியாக' என்பது பொருள். அதனுள் நிற்கும் '-இஸ்-' ஒப்பீட்டைக் காட்டும். அதன்மேல் மகர ஒட்டு ஏற, இடையுயிர் தேய்ந்து, மாக்சிமுஸ் (மிகப் பெரிய) ஆயிற்று. புல்கெர் (அழகிய) என்பதிலோ ரகரத்தை அடுத்த சகரம் ரகரமாகவே திரிந்து புல்கெர்ரிமுஸ் ஆயிற்று. ஃபாகிலிஸ் (எளிய) என்பது லகரம் இரட்டித்து ஃபாகில்லிமுஸ் ஆயிற்று. நன்னூற் புணரியலில் தலையுடைத்துக்கொண்ட நம் மாணவர்க்கு இத்திரிபுகள் அச்சம் தாரா!

கிரேக்கமும் வடமொழியும் வேறொரு வழி சென்றன. ஜ்யேஷ்டன், கனிஷ்டன் என்பவற்றில் காணும் '-இஷ்ட' அவ்வழியினது. ஆல்டிஸ்ஸிமுஸ் (மிக உயர்ந்த) போன்றவற்றின் '-இஸ்ஸிமுஸ்' இதன் சிதைவே என முதற்பார்வைக்குத் தோன்றலாம். அது பொருந்தாது. வெஸ்டிஸ் (ஆடை) போன்ற சொற்களில் சகர டகரத் தொடர் இலத்தீனில் அழியாது நிற்றலைக் காண்க. ஆயினும் ஈண்டு ஒரு முடிச்சு உண்டு. உயிர்களிடை நின்ற ஒற்றைச் சகரம் இலத்தீனில் ரகரமாகத் திரிந்திருக்க, இங்கு மட்டும் அது இரட்டித்து நிலைத்தது ஏன்? உணர்ச்சி மிகுதியால் இரட்டித்தது என்பார் கூற்று எனக்கு நிறைவளிக்கவில்லை.

'-இஸ்-' மீது மகரம் ஏறும் இவ்வமைப்பு, இத்தாலிக் கிளைக்கு வெளியே கெல்டிக் மொழிகளிலும் உண்டு. ஃபிரான்சின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள தீவொன்றின் பழம்பெயராகிய உக்சிசாமா, 'மிக உயர்ந்தது' எனப் பொருள்படும். 'மிக அண்மையான' என்பதற்கு ஆஸ்கனில் நெஸ்ஸிமாஸ் என்றும், பழைய ஐரிஷில் நெஸ்ஸம் என்றும் சொற்கள் உள. 1444இல் கூபியோ நகரில் கிடைத்த ஏழு வெண்கலப் பட்டயங்களில் உம்பிரிய வடிவமாகிய நெசிமெய் காணப்படுகிறது.

இவ்விரு கிளைகளும் ஒருகாலத்தில் ஒன்றாயிருந்தன என்பதைக் கால்வர்ட் வாட்கின்ஸ் 1966இல் ஏற்க மறுத்தார். வாரன் கௌகில் 1970இல் இவ்வொட்டையே சான்றாக நிறுத்தி மறுமொழி பகர்ந்தார். யான் கௌகில் பக்கமே நிற்பேன். வணிகரும் படைவீரரும் சொற்களைச் சுமந்து செல்வர். ஒப்பீட்டு ஒட்டுகள் அங்ஙனம் எளிதிற் கைமாறுவதில்லை. மேலும், கிரேக்கமும் வடமொழியும் காத்த '-இஷ்ட' வகையைக் கைவிட்டு, இரு கிளைகளும் தனித்தனியே இதே புதுமையைக் கண்டன எனல் நம்பத்தக்கதன்று. எனினும், வினைத்திரிபும் ஒலித்திரிபும் தரும் சான்றுகளையும் இதனோடு வைத்து நிறுத்துப் பார்த்த பின்னரே ஒருமொழிக் காலம் ஒன்று இருந்ததென உறுதி கூறல் தகும்.