அச்சு முறிஞ்ச ஊரும் என் பழைய வாக்கிடாக்கியும்

எங்க ஊர் அச்சரப்பாக்கத்துக்கு ஒரு கதை உண்டு. ஜி.எஸ்.டி. ரோட்டுல பஸ்ல போறவங்க போர்டை மட்டும் பார்த்துட்டுப் போயிடுறீங்க, அதனால சொல்றேன். திரிபுரத்தை எரிக்கக் கிளம்பின சிவபெருமான் பிள்ளையாரை நினைக்காமப் புறப்பட்டாராம். இந்த இடத்துக்கு வந்ததும் தேர் அச்சு முறிஞ்சு போச்சாம். அச்சு இற்ற பாக்கம், அச்சிறுபாக்கம், இப்ப அச்சரப்பாக்கம். ஆட்சீஸ்வரர் கோயில்ல கேட்டா இன்னும் விரிவாச் சொல்வாங்க.

தேர் நல்லாத்தான் இருந்தது, குதிரையும் நல்லாத்தான் இருந்தது. யாரும் கவனிக்காத ஒரு சாமான் உடைஞ்சு மொத்தமும் நின்னு போச்சு. என் வாக்கிடாக்கிக்கும் அதே கதிதான். அதுல அச்சுங்கிறது பேட்டரி.

சரி, மேட்டருக்கு வருவோம்.

நான் ஒரு ஹாம். பன்னி இறைச்சி இல்லீங்க, அமெச்சூர் ரேடியோ :-) லைசென்ஸ் வாங்கின காலத்துல ஆசை ஆசையா வாங்கின கைக்கு அடக்கமான செட்டு, ஐகாம் ஐசி-வி82. கீழ போட்டிருக்கேன், மழையில நனைச்சிருக்கேன், ஒரு தடவை சாம்பார்கூட ஊத்தியிருக்கேன். இன்னைக்கும் பேசுது. ஆனா அதோட பேட்டரி பேக் என்னைக்கோ செத்துப் போச்சு. கம்பெனி அந்த செட்டைத் தயாரிச்சது 2004-லேர்ந்து 2014 அக்டோபர் வரைக்கும்தான். அதுக்கான பேட்டரியையும் நிறுத்திட்டாங்க. செட்டு இருக்கு, அச்சு இல்ல.

இந்த நிலைமையில நம்மள மாதிரி ஆளுங்க என்ன பண்ணுவோம்? "அதே மாதிரி" ஒண்ணு வாங்குவோம். நானும் வாங்கினேன், சென்னையில ஒரு கடையில. லேபிள்ல லித்தியம் அயான், 7.4 வோல்ட், 3000 மில்லி ஆம்பியர் அவர்னு போட்டிருந்தது. பழைய பேக்கைப்போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு! சார்ஜர் வேணுமான்னு கேட்டதுக்கு, "பழைய சார்ஜரே போதும் சார், எல்லாரும் அதுலதான் போடுறாங்க"ன்னார் கடைக்காரர். பழைய சார்ஜர் நிக்கல் பேட்டரிக்கானது. எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் தலையை ஆட்டிட்டு வந்தேன் பாருங்க, அதுக்குத்தான் இந்தப் பதிவு.

2022 டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கத்துல கரையைக் கடந்தது ஞாபகம் இருக்கும். சாயந்தரமே கரண்ட் போச்சு, செல்போன்ல ஒரு கோடுகூட இல்ல. ரேடியோவுல நண்பர்கள் ஒவ்வொரு ஊரா நிலவரம் கேட்டுக்கிட்டிருந்தாங்க. "அச்சரப்பாக்கம், அங்க காத்து எப்படி, ரோட்டுல மரம் விழுந்திருக்கா?" ரெண்டு தடவை பதில் சொன்னேன். மூணாவது தடவை பட்டனை அமுக்கினதும் விளக்கு மங்கி செட்டு அணைஞ்சு போச்சு. மொத்தம் இருபது நிமிஷம். 3000 மில்லி ஆம்பியராம்!

அந்த இருட்டுல உக்காந்து என்ன நினைச்சேன் தெரியுமா? சரியா சார்ஜ் ஏறலை போலன்னு நினைச்சேன். கரண்ட் வந்த அன்னைக்கு ராத்திரி முழுக்க சார்ஜர்ல போட்டுட்டுத் தூங்கிட்டேன். காலையில பார்த்தா பேக் ரெண்டு பக்கமும் உப்பி, பிளாஸ்டிக் ஓரம் வாயைப் பிளந்துட்டு நிக்குது. தொட்டா சுடுது. பக்கத்துலயே பொண்ணோட ஸ்கூல் பை, உள்ள முழுக்க நோட்டு. இன்னும் ரெண்டு மணி நேரம் போயிருந்தா என்னன்னு யோசிக்க இப்பவும் பிடிக்கலை.

பிளக்கைப் பிடுங்கி, இடுக்கியால பிடிச்சு, கொல்லைப்புறத்துல சிமெண்டுத் தரையில தனியா வெச்சேன். அதுவாப் பிளந்த இடுக்கு வழியா உள்ள தெரிஞ்சது செல்போன்ல இருக்குமே தட்டையா, அந்த மாதிரி ரெண்டு பை. சூட்டைப் பார்த்துச் சொல்ற சென்சாரும் இல்ல, அளவு மீறினா வெட்டிவிடுற சின்ன போர்டும் இல்ல.

ஏன் உப்பிச்சுன்னு சொல்லிடுறேன். நிக்கல் காட்மியம், நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் ஒண்ணு 1.2 வோல்ட். ஆறு சேர்ந்தா 7.2. லித்தியம் அயான் செல் 3.7, ரெண்டு சேர்ந்தா 7.4. எண்ணைப் பார்த்தா அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். சாப்பிடுற விதம் மட்டும் வேற. பழைய சுவர் சார்ஜர் பதினஞ்சு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா கரண்டைத் தள்ளிக்கிட்டே இருக்கும், நிறைஞ்சுதான்னு பார்க்காது. நிக்கல் காட்மியம் அதைத் தாங்கும், மிச்சத்தைச் சூடாக்கி வெளிய விட்டுடும். லித்தியத்துக்கு அப்படி இல்ல. செல்லுக்கு 4.2 வோல்ட், ரெண்டுக்கும் சேர்த்து 8.4, அதோட நிறுத்தியே ஆகணும். மேல தள்ளினா உள்ள லித்தியம் உலோகமாப் படியும், வாயு உண்டாகும், சூடு ஏறும். ஒரு கட்டத்துக்கு அப்புறம் சார்ஜரைப் பிடுங்கினாலும் அந்தச் சூடே மேல சூட்டை உண்டாக்கும். அதுதான் தீ. விலை கூடின நிக்கல் சார்ஜரும் இதுக்கு ஆகாது. நிறைஞ்சதும் வோல்டேஜ் லேசா இறங்குறதைப் பார்த்துத்தான் அது நிறுத்தும். லித்தியம் இறங்கவே இறங்காது.

அப்புறம் 2024 செப்டம்பர் 18. லெபனான்ல வாக்கிடாக்கிகள் வெடிச்ச செய்தி. டிவியில உடைஞ்ச செட்டுங்களைக் காட்டுறாங்க, மேல ஐசி-வி82-ன்னு எழுதியிருக்கு. தங்கமணி டிவியைப் பார்த்தாங்க, அலமாரியைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. "அந்தச் சனியனை இன்னைக்கே தூக்கி வெளிய போடுறீங்களா, இல்ல நான் போடவா?"

அங்க நடந்தது பேட்டரிக் கோளாறு இல்ல. வேணும்னே வெடிமருந்தை உள்ள வெச்ச சதி. சாதாரண லித்தியம் பேட்டரி அப்படி வெடிக்காது, புகைஞ்சு எரியும். இதைச் சொல்லித்தான் அன்னைக்கு வீட்டுல செட்டைக் காப்பாத்தினேன். ஆனா அதுக்கப்புறம் ஐகாம் கம்பெனி கொடுத்த விளக்கம் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்துச்சு. அந்த மாடலை நிறுத்திப் பத்து வருஷம் ஆச்சு, பேட்டரியும் நிறுத்தியாச்சு, போலியைக் கண்டுபிடிக்கிற ஹாலோகிராம் முத்திரை அந்த செட்டுகள்ல இல்ல, அதனால எங்க சரக்கான்னு உறுதியாச் சொல்ல முடியலைன்னாங்க.

அதாவது, கம்பெனி நிறுத்தின சாமான் பேர்ல கடையில எது வந்தாலும், அது எங்க செஞ்சது, உள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. எனக்கு வந்தது ரெண்டு ஓட்டை செல். நம்மள யாரும் கொல்லப் பார்க்கலை, ஏமாத்தத்தான் பார்க்கிறாங்க. அந்த ஏமாத்துலயும் வீடு எரியலாம்.

அதனால என் கட்சி இதுதான்: பழைய செட்டுக்கு "அதே மாதிரி" பேக் தேடுறதை முதல்ல நிறுத்துங்க. மில்லி ஆம்பியர் பேராசையையும் விடுங்க.

முதல் வழி, பென்சில் செல் கேஸ். டபுள் ஏ சைஸ், அதான் சுவர்க் கடிகாரத்துக்குப் போடுறது. பழைய செட்டு நிறையத்துக்கு இப்படி ஒரு காலி கேஸ் இருக்கும். என் செட்டுக்கு அது பி.பி.-208, ஆறு செல் பிடிக்கும். அதுல நல்ல கம்பெனி நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல் போடுங்க. தானா வடியாத ரகமாப் பார்த்து வாங்குங்க, எனலூப் மாதிரி. மாசக்கணக்குல அலமாரியில கிடந்தாலும் பெரும்பாலான சார்ஜ் அப்படியே இருக்கும். புயலுக்கு எடுத்து வைக்கிறவனுக்கு வேற என்ன வேணும்? செல்லை வெளிய எடுத்து, ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாப் பார்க்கிற சார்ஜர்ல போடுங்க. கேஸ் மாட்டியிருக்கும்போது செட்டுல சார்ஜரைச் செருகவே கூடாது.

ஆறும் ஒரே கம்பெனி, ஒரே நாள்ல வாங்கினதா இருக்கணும். பழசு புதுசு கலந்தா, சீக்கிரம் காலியாகிற செல்லை மத்த அஞ்சும் சேர்ந்து தலைகீழா ஓட்டிடும். அது கெட்டுக் கசியும். அவசரத்துக்கு அண்ணாச்சி கடை அல்கலைன் செல்லும் போடலாம், ஆனா லோ பவர்ல பேசுங்க. முழு பவர்ல இந்த செட்டு சுமார் இரண்டரை ஆம்பியர் இழுக்கும், அல்கலைன் அதுக்கு மூச்சு வாங்கிடும்.

ரெண்டாவது வழி, பழைய நிக்கல் பேக்கைத் திறந்து செல் மாத்துறது. இதை வேலை தெரிஞ்சவர்கிட்டதான் கொடுக்கணும். காதுப் பட்டை வெச்ச செல்லா வாங்கி, பட்டையிலதான் பத்தவைக்கணும். செல் மேல நேரா சால்டரிங் வெச்சா உள்ள இருக்கிற சீல் கெட்டுடும். பழைய பேக்குல இருந்த வெப்ப சென்சாரையும் ஃபியூசையும் திரும்ப வெச்சாரான்னு கேட்டு வாங்குங்க. லித்தியம் பேக்கை மட்டும் வீட்டுல பிரிக்காதீங்க. நான் இன்ஜினியர்தான், எனக்குத் தெரியும்னு சொல்றவங்களுக்குத்தான் முக்கியமா இது.

மூணாவது, லித்தியம் பேக்கேதான் வேணும்னா, அதுக்குன்னே உள்ள சார்ஜரோட சேர்த்து வாங்குங்க. நம்ம நாட்டுல இந்த பேட்டரிகளுக்கு பி.ஐ.எஸ். பதிவு கட்டாயம். ஐ.எஸ். 16046-ன்னும், ஆர்-ன்னு தொடங்குற ஒரு எண்ணும் இருக்கணும். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில போட்டா யாருக்குக் கொடுத்ததுன்னு காட்டும். எண்ணே இல்லைன்னா கடையிலயே வெச்சுட்டு வாங்க.

இன்னொரு சோதனை என் சொந்த சரக்கு: தராசு. லித்தியம் உருளை செல், 18650-ன்னு சொல்வாங்களே, நல்ல சரக்கு ஒண்ணு 45 கிராமாவது இருக்கும். 3000 மில்லி ஆம்பியர்ல ரெண்டு செல்லுன்னா செல் மட்டும் 90 கிராம் வரணும். என்னோட பேக்கை, உப்பல் அடங்கி ஆறின பிறகு, அண்ணாச்சி கடை எலக்ட்ரானிக் தராசுல வெச்சேன். மேல் கூட்டோட சேர்த்து 62 கிராம். "என்ன சார் இது, கொத்தமல்லிக் கட்டு மாதிரி இருக்கு"ன்னார் அண்ணாச்சி. லேபிள் என்ன வேணா பொய் சொல்லும், எடை சொல்லாது. அந்த சைஸ் செல்லுல 9900-ன்னு போட்டிருந்தா தராசுகூட வேணாம், சிரிச்சுட்டு நகர்ந்துடுங்க.

நம்ம பக்கத்துக்குன்னு ரெண்டு விஷயம். கத்திரி வெயில்ல தகரக் கொட்டாயிலயும் கார் கண்ணாடிக்குப் பின்னாடியும் லித்தியம் பேக்கை வைக்காதீங்க. சும்மா வைக்கிறதா இருந்தா பாதி சார்ஜ்ல, குளிர்ச்சியான இடத்துல வைங்க. கல்பாக்கம், மாமல்லபுரம் மாதிரி கடலோரம் இருக்கிறவங்களுக்கு உப்புக் காத்து பித்தளைக் காண்டாக்டைத் தின்னுடும். மாசம் ஒரு தடவை பென்சில் அழிக்கிற ரப்பரால தேய்ச்சு விடுங்க. பேக்கைச் சாவி, சில்லறையோட ஒரே பையில போடாதீங்க.

"இவ்ளோ பாடு எதுக்கு, புதுசா ஒரு சைனா செட்டு வாங்கிட்டுப் போலாமே"ன்னு ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனா அங்கயும் இதே கதை. 2025 மே மாசம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், உரிமம், அலைவரிசை விவரம் எதுவும் சொல்லாம வாக்கிடாக்கி வித்ததுக்காக 13 இணையக் கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பிச்சு. நல்ல காரியம். அதே கண்ணாடியை பேட்டரி பக்கமும் திருப்புங்கன்னுதான் நான் கேக்கிறேன். செல்லை யார் செஞ்சது, எந்த மாசம் செஞ்சது, எந்த சார்ஜர்ல போடணும், இந்த மூணும் பேக்குல அச்சடிக்காம விக்கக் கூடாது. கடைக்காரர் வாய்ச்சொல் போதாது.

ஹாம் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. 2004 சுனாமி அப்ப அந்தமான்ல பாரதி பிரசாத் அம்மா ரேடியோவோட இருந்தது எத்தனை குடும்பத்துக்குச் சேதி கொண்டு போச்சுன்னு பெருமையாப் பேசுறோம். பேசணும். ஆனா அவசரத்துக்குன்னு செட்டைத் தூக்கிட்டு வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் "பேட்டரி என்ன, எப்ப சோதிச்சீங்க?"ன்னு கேக்கிற பழக்கம் நமக்கு இல்ல. மாண்டஸ் அன்னைக்கு என்னை யாராவது அப்படிக் கேட்டிருந்தா, மூணாவது தடவை பதில் சொல்லியிருப்பேன். அந்த மூணாவது கேள்வி, தொழுப்பேடு பக்கம் ரோடு திறந்திருக்கா, ஒரு பிரசவ கேஸ் வரணும்ங்கிறது. அவங்க வேற வழியா நல்லபடியாப் போய்ச் சேர்ந்தாங்கன்னு மறுநாள்தான் தெரிஞ்சது. என்னால இல்ல.

பிள்ளையாரை நினைக்காமக் கிளம்பினா தேரே நிக்கும்ங்கிற ஊர்ல பிறந்தவனுக்கு இது முன்னாடியே உறைச்சிருக்கணும்.

வரட்டா? 73.

டிஸ்கி 1: உப்பின பேக்கைக் குத்தாதீங்க, திரும்ப சார்ஜ் போடாதீங்க, குப்பைத் தொட்டியிலயும் போடாதீங்க. நிக்கல் காட்மியமும் அப்படித்தான், காட்மியம் விஷம். 2022 பேட்டரிக் கழிவு விதிப்படி தயாரிப்பாளர்தான் திரும்ப எடுத்துக்கணும். மின்கழிவு வாங்குற இடத்துல கொடுங்க.

டிஸ்கி 2: லைசென்ஸ் இல்லாம ஹாம் செட்டுல பேசுறது குத்தம். இந்தப் பதிவைப் படிச்சுட்டு செட்டு வாங்கிப் பேசி மாட்டினா, எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல :-)

டிஸ்கி 3: செட்டு இன்னும் வீட்டுலதான் இருக்கு. பென்சில் செல் கேஸோட. தங்கமணி அலமாரியோட மேல் தட்டுலேர்ந்து கீழ் தட்டுக்கு இறக்கி வைக்க அனுமதி கொடுத்துட்டாங்க.