அழுதால் பால், எழுதினால் மானியம்



போன மாதம் அம்பாங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குப் போயிருந்தேன். ஒன்பதாவது மாடி. அன்றைக்கென்று பார்த்து மின்தூக்கி வேலை செய்யவில்லை! படியேறிப் போய் மூச்சு வாங்க உட்கார்ந்தேன். வீட்டுக்காரப் பெரியவர் முப்பது வருடம் பால்மரம் சீவியவர். தோட்டத்து நிலம் வீடமைப்புக்குப் போனதும் குடும்பத்தோடு பட்டணத்துக்கு வந்தவர்.

காப்பி வந்தது. பேச்சும் தோட்டத்துப் பக்கம் போனது. "மாசி மாதம் பிறந்தால் எங்கள் லயத்தில் காமன் கூத்துதான் தம்பி. ரதி வேஷம் நான்தான் கட்டுவேன். விடிய விடியப் பாடுவோம். காலையில் பெரட்டுக்கும் போய் நிற்போம்" என்றார். சொல்லிக்கொண்டே கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தப்பை இழுத்தார். தோல் ஒரு பக்கம் விட்டுப் போயிருந்தது. தட்டினால் கீழ்வீட்டுக்காரர்களுக்குத் தொந்தரவு என்று பல வருடங்களாக அதைத் தொடவே இல்லையாம்.

"கலைக்கு மானியம் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு விண்ணப்பம் போட்டோம். இல்லை என்று வந்துவிட்டது. ஏழை சொல் அம்பலம் ஏறாது தம்பி" என்று பெருமூச்சு விட்டார்.

அந்த விண்ணப்பத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் படித்தேன். 'எங்கள் கலை அழிந்துகொண்டு வருகிறது. நாங்கள் வசதி இல்லாதவர்கள். தயவுகூர்ந்து உதவ வேண்டும்.' அவ்வளவுதான்! என்ன செய்யப் போகிறார்கள், எத்தனை பேருக்கு, எங்கே, எப்போது, எவ்வளவு செலவு, ஒன்றும் இல்லை. பணம் போடுவதற்குக் கொடுத்திருந்த வங்கிக் கணக்கோ அவருடைய மகனின் சொந்தக் கணக்கு. பதில் கடிதத்தில் மூன்று குறைகள் சொல்லியிருந்தார்கள்: பதிவுச் சான்றிதழ் இல்லை, செலவுக் கணக்கு இல்லை, நிகழ்ச்சி அட்டவணை இல்லை.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது பழமொழி. தாயிடம் அது செல்லும். அலுவலகத்தில் செல்லாது. அங்கே எழுதிய பிள்ளைக்குத்தான் பால். இந்த மாதம் அதைப் பற்றித்தான் உங்களோடு பேசப் போகிறேன்.

இது பிச்சை அல்ல

"கை நீட்ட வெட்கமாக இருக்கிறது" என்று சிலர் சொல்கிறார்கள். ஏன் வெட்கப்பட வேண்டும்? கலைக்குப் பொதுப்பணம் கொடுப்பது பல நாடுகளில் உள்ள வழக்கம். பிரிட்டனில் 1946-லேயே கலை மன்றம் அமைத்துப் பொதுப்பணத்தை அதன் வழியாகக் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் 1955-ல் தோன்றிய இயல் இசை நாடக மன்றம் நலிந்த கலைஞர்களுக்கு உதவி வருகிறது. பெங்களூரில் 1993-ல் அமைந்த இந்தியக் கலை நிறுவனம் ஒன்று, இந்தியர்களிடமிருந்து தமிழில் எழுதிய விண்ணப்பத்தையும் ஏற்றுக்கொள்கிறது.

நம் நாட்டில் நம் கலைகள் பெரும்பாலும் நம் சொந்தக் காசில்தான் வளர்ந்தன. 1952-ல் கோ. சாரங்கபாணி தமிழர் திருநாளைத் தொடங்கி வைத்த காலத்திலிருந்து, தோட்டத்து இளைஞர்கள் வீட்டுக்கு வீடு வசூல் செய்துதான் மேடை போட்டார்கள். அந்தப் பழக்கம் நல்லதுதான். ஆனால் இன்றைக்கு லயம் இல்லை, சம்பள நாளில் வசூலுக்கு வரும் கமிட்டியும் இல்லை. ஒரே தோட்டத்து மக்கள் பத்துத் திசையில் பிரிந்து கிடக்கிறார்கள். தப்பு மட்டும் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

கணக்கு வழக்கு நமக்குப் புதியது என்றும் நினைக்காதீர்கள். 1960-ல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கு வாங்கினார்கள். மறு வருடமே அந்தப் பணத்தில் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. வெறும் கண்ணீரா அதைச் சாதித்தது? பாரம், ரசீது, கையெழுத்து, கணக்குப் புத்தகம்! கூலிக்காரர்கள் என்று சொல்லப்பட்டவர்கள்தான் அவற்றைப் பத்திரமாக வைத்துத் தோட்டத்துக்கே சொந்தக்காரர்கள் ஆனார்கள்.

எந்தக் கதவைத் தட்டுவது?

முதலில் நீங்கள் இருப்பது எந்த எல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். அம்பாங்வாசிகள் பலர் இதில்தான் தடுமாறுகிறார்கள். 1974 பிப்ரவரி முதல் தேதி கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமானது. ஜாலான் அம்பாங்கின் ஒரு முனை கோலாலம்பூரில், மறு முனை சிலாங்கூரில். அஞ்சல் எண் 68000 என்றால் நீங்கள் சிலாங்கூர்க்காரர். அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்துக்கு உட்பட்டவர். வட்டார உதவிக்கு எழுதும்போது முகவரி எந்த எல்லையில் இருக்கிறதோ அந்த எல்லையின் அலுவலகத்துக்குத்தான் எழுத வேண்டும். இடம் மாறிப் போனால் காலம்தான் வீணாகும்.

தேசியக் கலை பண்பாட்டுத் துறைக்கு மாநிலந்தோறும் அலுவலகம் உண்டு. முதலில் அங்கே நேரில் போய், 'எங்களைப் போன்ற குழுவுக்கு இவ்வருடம் என்ன உதவி இருக்கிறது?' என்று கேளுங்கள். கேட்பதற்குக் காசில்லை.

அடுத்து, 2017-ல் அமைந்த செண்டானா என்ற நிறுவனம். நிகழ்கலை, ஓவியம், இசை ஆகியவற்றுக்கு மானியம் கொடுப்பதற்கென்றே பிறந்தது. கஸானா நேஷனலின் அறவாரியமான யாயாசான் ஹசானாவும் கலைக்கு மானியம் கொடுத்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1984-ல் ஃபைவ் ஆர்ட்ஸ் சென்டர் என்ற கலைக்குழு கோலாலம்பூரில் உருவானது. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் கே.எஸ். மணியம். கெடா, பீடோங்கில் பிறந்து, தோட்டத்து மக்களின் வாழ்க்கையை ஆங்கிலத்தில் கதையாகவும் நாடகமாகவும் எழுதியவர். அக்குழுவின் இன்னொரு தூணான நாடக இயக்குநர் கிருஷேன் ஜித் 2005-ல் காலமானார். மறு வருடம் அவர் பெயரில் கலைஞர்களுக்கு உதவும் நிதி ஒன்று தொடங்கப்பட்டது. கலைஞர்களே சக கலைஞர்களுக்குத் திறந்துவிட்ட கதவு அது.

மானியங்கள் வருடத்துக்கு வருடம் மாறும், திறக்கும், மூடும். ஆகவே விண்ணப்பத் தேதியை ஒவ்வொரு முறையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சங்கமா, தனி ஆளா?

சில நிதிகள் தனிக் கலைஞருக்கும் உண்டு. அதற்கு அடையாளக் கார்டும், நீங்கள் இதுவரை செய்ததற்குச் சான்றும் இருந்தால் போதும். ஆனால் பல நிதிகள் பதிவு பெற்ற அமைப்புக்குத்தான் கொடுக்கும். 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி 7 பேரும் அதற்கு மேலும் சேர்ந்தால் அது சங்கம். சங்கப் பதிவிலாகாவில் பதிவு செய்ய வேண்டும். இப்போது கணினி வழியாகவே பதியலாம். வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் உட்கார வைத்துச் செய்யச் சொல்லுங்கள்.

பதிவு செய்தால் மட்டும் போதாது. வருடாந்திரக் கூட்டம் நடத்தி 60 நாளுக்குள் ஆண்டறிக்கையை அனுப்ப வேண்டும். நம்மவர்கள் பலர் தடபுடலாகத் திறப்பு விழா நடத்துவார்கள், மாலை போடுவார்கள், படம் எடுப்பார்கள். ஆண்டறிக்கையை மறந்துவிடுவார்கள்! பிறகு ஒருநாள் பதிவே ரத்தாகிவிட்டது என்று தெரிய வரும். பொறுமையாகக் கணக்கு எழுதும் ஒருவரைச் செயலாளராகப் போடுங்கள். மேடையில் நன்றாகப் பேசுகிறவர் தலைவராக இருக்கட்டும்.

வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரிலேயே இருக்க வேண்டும். இருவர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகத்துக்கே இடமிருக்காது.

பாரத்தில் என்ன எழுதுவது?

பாரம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். பயப்பட வேண்டாம். ஐந்தே கேள்விகளுக்குத் தமிழில் பதில் சொல்லுங்கள். பிள்ளைகள் மொழிபெயர்த்துக்கொள்வார்கள். என்ன செய்யப் போகிறோம்? யாருக்காக? எங்கே, எந்தத் தேதிகளில்? எவ்வளவு செலவு? முடிந்த பிறகு மிஞ்சுவது என்ன?

'கலை அழிகிறது' என்று எழுதாதீர்கள். எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். 'காமன் கூத்தின் ரதி பாட்டுகள் முழுதும் தெரிந்தவர் எங்கள் அடுக்குமாடியில் ஒரே ஒருவர். அவருக்கு 74 வயது. 16 வாரத்தில் 20 பிள்ளைகளுக்கு அவர் கற்றுக்கொடுப்பார். பாட்டுகள் அனைத்தையும் ஒளிப்பதிவு செய்வோம்' என்று எழுதிப் பாருங்கள். படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். சில நிதிகள் சமயச் சடங்குக்குப் பணம் கொடுப்பதில்லை. ஆகவே பூஜைச் செலவை நம் சொந்தக் கணக்கில் வைத்துக்கொண்டு, பயிற்சிக்கும் பதிவுக்கும் மட்டும் கேளுங்கள்.

பழைய படங்கள், கோயில் திருவிழா நோட்டீஸ், பத்திரிகைத் துணுக்கு எல்லாம் சான்றுதான். தகரப் பெட்டியில் பூச்சி அரிக்கவிடாமல் எடுத்து நகல் போட்டு இணையுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பெரியவர் வீட்டில் உட்கார்ந்து நாங்கள் போட்ட கணக்கு இது. ஆசிரியருக்கு வாரம் 80 வெள்ளி வீதம் 16 வாரத்துக்கு 1,280. ஆறு தப்பு பழுது பார்க்க 720. மண்டபம் வாரம் 30 வீதம் 480. பிள்ளைகளுக்குத் தேநீர், பலகாரம் வாரம் 40 வீதம் 640. கடைசி நாள் அரங்கேற்றத்துக்கு ஒலி, ஒளி 900. ஒளிப்பதிவு 500. அச்சுச் செலவு 180. ஆக மொத்தம் 4,700 வெள்ளி.

"அம்மாடி! இவ்வளவா?" என்றார் பெரியவர். அப்போது அவர் பேத்தி குறுக்கிட்டாள். ஐந்தாம் படிவம் முடித்த பெண். "தாத்தா, பாலாய் ராயாவை இலவசமாகக் கேட்டுப் பார்க்கலாம். பலகாரம் அம்மாமார்கள் செய்துவிடுவார்கள். அதை நம் பங்கு என்று காட்டலாமே" என்றாள். கெட்டிக்காரி! 480-ம் 640-ம் நம் பங்கு, 1,120. கேட்க வேண்டியது 3,580 வெள்ளி மட்டுமே. நம் உழைப்பையும் கணக்கில் காட்டினால் கேட்கும் தொகை குறையும், நம்பிக்கை கூடும்.

தாய்மார்களே, நீங்கள் சுடும் உளுந்து வடைக்கும் பாரத்தில் ஓர் இடம் உண்டு என்று தெரிந்துகொள்ளுங்கள்!

கிடைத்த பிறகு

மானியம் பெரும்பாலும் தவணையாகத்தான் வரும். கடைசித் தவணை அறிக்கை கொடுத்த பிறகே வரும். அதுவரை சமாளிக்கக் கொஞ்சம் பணம் கையில் இருக்க வேண்டும். அனுமதிக் கடிதம் வருமுன் செலவு செய்துவிட்டு, பிறகு அதைத் தாருங்கள் என்று கேட்டால் பல நிதிகள் கொடுக்க மாட்டா. ஐந்து வெள்ளி ஆணி வாங்கினாலும் ரசீது வாங்குங்கள். ஒரு பழைய பிஸ்கட் டின் போதும், எல்லாவற்றையும் அதில் போட்டு வையுங்கள்.

இந்தியச் சமுதாய மேம்பாட்டுக்கென்று வந்த மித்ரா நிதியைப் பற்றி 2021-ல் ஊழல் தடுப்பு ஆணையம் விசாரணை நடத்தியது நாடறிந்த செய்தி. பொதுப்பணத்தைத் தொடுகிறவன் ஒவ்வொரு காசுக்கும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதே அதில் நமக்குள்ள பாடம். "பாரம் நிரப்பித் தருகிறேன், கிடைத்தால் பாதி எனக்கு" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கேட்டும் கிடைக்காவிட்டால்? காரணம் கேட்டு எழுதுங்கள். குறையைத் திருத்தி மறுபடி அனுப்புங்கள். முதல் வெட்டிலேயே எந்த மரம் வாளி நிறையப் பால் கொடுத்திருக்கிறது?

அந்தப் பெரியவர் வீட்டுச் செய்தியைச் சொல்லி முடிக்கிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை அந்த அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் ஒன்பது பேர் கூடிச் சங்கம் அமைக்கத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். பேத்தி பள்ளிக்கூடக் கொப்பியில் கூட்டக் குறிப்பு எழுதியிருக்கிறாள். மானியம் கிடைக்குமா என்று இன்னும் தெரியாது. பாரமே இனிமேல்தான் போக வேண்டும். ஆனால் முதல் தீர்மானம் என்ன தெரியுமா? சனிக்கிழமை தோறும் மாலை ஐந்து மணி முதல் ஆறு மணி வரை பாலாய் ராயாவில் தப்புப் பயிற்சி. கீழ்வீட்டுக்காரரிடமும் சொல்லியாயிற்றாம். அவருடைய மகனும் கற்றுக்கொள்ள வருகிறானாம்!

உங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் என்ன இருக்கிறது? உடுக்கையா, சலங்கையா, அப்பா கையால் எழுதிய பாட்டுக் கொப்பியா? இன்றைக்கே எடுத்துத் தூசி தட்டுங்கள். பக்கத்தில் ஒரு பேனாவையும் எடுத்து வையுங்கள்.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.