குழந்தைகளின் பல் மருத்துவத்தில் வாய் ஸ்கேனர்: எதற்குத் தேவை, எதற்குத் தேவையில்லை?

‘பிள்ளைக்கு ஸ்கேன் எடுக்க வேண்டும்’ என்று பல் மருத்துவர் கூறியவுடன் பெற்றோர் பலரும் கலங்குகின்றனர். ஸ்கேன் என்றால் கதிர்வீச்சு, பெரிய நோய், பெரிய செலவு என்றே நம் மனத்தில் பதிந்திருக்கிறது. எனவே டிஜிட்டல் வாய் ஸ்கேனர் குறித்து எங்கள் கருத்தை இங்கு முன்வைக்கிறோம். குழந்தைகளுக்கு அக்கருவியைப் பயன்படுத்துவதை நாங்கள் ஆதரிக்கிறோம். ஆயினும் அது எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதைப் பெற்றோரும் அறிந்திருந்தால்தான் அதன் நன்மை குழந்தையைச் சென்றடையும்.

வாய் ஸ்கேனர் என்பது கையில் பிடித்து இயக்கும் சிறு கருவி. அதன் முனை பற்களின் மீது ஒளியைப் பாய்ச்சுகிறது. அங்குள்ள கேமரா அடுத்தடுத்துப் படங்களைப் பதிவு செய்கிறது. கணினி அப்படங்களை ஒன்றோடொன்று பொருத்தி, பற்களும் ஈறுகளும் அடங்கிய முப்பரிமாண உருவத்தைத் திரையில் காட்டுகிறது. இதில் எக்ஸ்-ரே கதிர் இல்லை. ஓசூர், சூளகிரி தொழிற்சாலைகளில் தரப் பரிசோதனைப் பிரிவில் பணிபுரியும் பெற்றோருக்கு இம்முறை முற்றிலும் புதிதன்று. வாகன உதிரிபாகத்தின் மீது ஒளியைப் பாய்ச்சி அதன் வடிவத்தை அளக்கும் அதே அடிப்படையே இங்கும் பின்பற்றப்படுகிறது. பல் மருத்துவத்திலும் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. வெர்னர் மோர்மன் என்ற பல் மருத்துவரும் மார்கோ பிராண்டெஸ்டினி என்ற பொறியாளரும் உருவாக்கிய கருவியைக் கொண்டு, 1985-ஆம் ஆண்டிலேயே சூரிச் பல்கலைக்கழகத்தில் ஒரு நோயாளியின் பல்லுக்குப் பீங்கான் அடைப்பு செய்யப்பட்டது.

இக்கருவி வருவதற்கு முன், குழந்தைகளின் பல்லுக்கு அளவு எடுக்கப் பெரும்பாலும் அச்சு எடுக்கும் முறையே பின்பற்றப்பட்டது. கடற்பாசியிலிருந்து பெறப்படும் அல்ஜினேட் என்னும் பொருள் கலந்த மாவை நீரில் குழைத்து, ஒரு தட்டில் இட்டு, வாய்க்குள் அழுத்திப் பிடிப்பார்கள். அது இறுகும்வரை குழந்தை அசையாமல் இருக்க வேண்டும். கலவை தொண்டைப் பக்கம் சரிந்தால் குமட்டல் வரும். சில பிள்ளைகள் வாந்தி எடுப்பர். அந்த அச்சில் குறை தெரிந்தால் மீண்டும் ஒருமுறை எடுக்க வேண்டியிருக்கும். முதல் அனுபவமே இவ்வாறு அமைந்துவிட்டால், அடுத்த முறை அப்பிள்ளை மருத்துவமனை வாசலைத் தாண்டவே மறுக்கும். அச்சத்தினால் தள்ளிப்போன சிகிச்சை, சிறு சொத்தையைப் பெரு வலியாக மாற்றிவிடுகிறது. குழந்தைகளின் பல் மருத்துவத்தில் வலியைவிட அச்சமே பெரிய தடை என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

அண்ணப் பிளவுடன் பிறந்த கைக்குழந்தைகளின் நிலை இன்னும் நுட்பமானது. அறுவை சிகிச்சைக்கு முன் பிளவின் இரு பக்கங்களையும் நெருங்கச் செய்ய, சில குழந்தைகளுக்கு ஒரு சிறு தகடு பொருத்தப்படுகிறது. அதற்காகக் கலவையைக் கொண்டு அளவு எடுக்கும்போது மூச்சுப் பாதை அடைபடும் அபாயம் உண்டு. ஒளியால் அளவு எடுத்தால் அந்த அபாயம் பெரிதும் குறைகிறது.

ஆகவே, ஒரு குழந்தைக்கு அளவு எடுப்பது உண்மையிலேயே தேவை என்றால், ஸ்கேனர் உள்ள இடத்தில் அதையே முதலில் முயல வேண்டும் என்பது எங்கள் கருத்து. பால்பல் உரிய காலத்துக்கு முன்னரே விழுந்துவிட்டால், பக்கத்துப் பல் சாய்ந்து அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும். பின்னர் முளைக்க வேண்டிய நிலையான பல்லுக்கு வழி இராது. அவ்விடத்தைக் காக்கப் பொருத்தும் கம்பி வளையத்துக்கும், பல் வரிசையைச் சீராக்கும் கிளிப்புக்கும் அளவு தேவை. வளரும் வாயின் உருவத்தை இன்று பதிந்து வைத்தால், ஓராண்டு கழித்து எடுக்கும் பதிவுடன் அதனை ஒப்பிட்டு, பற்கள் எவ்வளவு நகர்ந்துள்ளன என்று காணவும் இயலும்.

ஆனால் இக்கருவியால் இயலாதவையும் உண்டு. ஒளி படும் பரப்பை மட்டுமே அது அளக்கும். வேரையும் எலும்பையும், ஈறுக்குள் மறைந்துள்ள பல்லையும் அது காட்டாது. இரு பற்கள் ஒட்டியிருக்கும் இடத்தில் ஒளிந்துள்ள சொத்தைக்குப் பெரும்பாலும் எக்ஸ்-ரே தேவைப்படும். அதை மருத்துவர் கேட்டால் ‘ஸ்கேன்தான் எடுத்தாயிற்றே’ என்று மறுக்க வேண்டாம். உமிழ்நீர் மிகுந்தாலும், குழந்தை ஓயாமல் அசைந்தாலும், வாய் மிகச் சிறிதாக இருந்தாலும் பதிவு தடைப்படும். எனவே எப்போதும் நேரம் மிச்சமாகும் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் ஆய்வுகள் பலவற்றில், இரு முறைகளையும் அனுபவித்த பிள்ளைகளில் பெரும்பாலோர் ஸ்கேனரையே விரும்பியுள்ளனர்.

எங்கள் பகுதிக்கு இக்கருவி தரும் மற்றொரு நன்மையையும் குறிப்பிட வேண்டும். ஓசூரில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது பேசுவோருடன், தொழிற்சாலைப் பணிக்காக வட, கிழக்கு மாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்களும் வாழ்கின்றன. ஷிப்ட் முடித்து, உறக்கத்தை விட்டுப் பிள்ளையை அழைத்துவரும் தந்தைக்கு, அயல்மொழியில் சொல்லப்படும் விளக்கம் பாதியே புரிகிறது. தன் பிள்ளையின் கடைவாய்ப்பல்லில் உள்ள குழியைத் திரையில் பெரிதாகக் கண்டால் அவருக்கு மொழி தடையாவதில்லை. அவ்விளக்கத்துக்கு உரிய நேரத்தை ஒதுக்குவது மருத்துவர்களாகிய எங்கள் கடமை.

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் நிலத்தடி நீரின் ஃபுளோரைடு மிகுதியால் பற்களில் வெண்திட்டும் பழுப்புக் கறையும் தோன்றுவது நெடுநாளைய துயரம். 2013-இல் தொடங்கி வைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இத்துயரைத் தணிக்கவே வகுக்கப்பட்டது. ஸ்கேனர் படத்தைக் காட்டி, எது கறை, எது சொத்தை என்று மருத்துவர் விளக்கலாம். கறை வராமல் தடுப்பது குடிநீரே. ஆழ்துளைக் கிணற்று நீரைக் கொதிக்க வைப்பதால் ஃபுளோரைடு நீங்காது. நிலையான பற்கள் தாடைக்குள் உருவாகும் முதல் எட்டு ஆண்டுகளில் பிள்ளைக்குப் பாதுகாக்கப்பட்ட நீரையே கொடுங்கள்.

கட்டணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். இக்கருவியின் விலை பல இலட்சம் ரூபாய். அவ்விலையை ஈடுகட்டும் நோக்கில், அளவே தேவைப்படாத பிள்ளைக்கும் ஸ்கேன் எடுக்கும் போக்கு எங்கும் தலையெடுக்கக் கூடாது. சாதாரணச் சொத்தையை அடைக்கவும், ஆடும் பால்பல்லை எடுக்கவும் பொதுவாக ஸ்கேன் வேண்டியதில்லை. ஆகவே நான்கு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். இந்த அளவு எதற்காக? இதற்குத் தனிக் கட்டணம் உண்டா? வாய்க்குள் செல்லும் முனை, முந்தைய நோயாளிக்குப் பின் கிருமிநீக்கம் செய்யப்பட்டதா, அல்லது புதிதாக மாற்றப்பட்டதா? பதிவின் நகல் எங்களுக்குக் கிடைக்குமா? வேலை மாறி வேறு ஊருக்குப் பெயரும் குடும்பத்துக்கு அந்த நகல் மிகவும் பயன்படும். அப்பதிவு உங்கள் பிள்ளையின் உடல்நலத் தகவல். சிகிச்சைக்கு அப்பாற்பட்ட எதற்கும் அதனை உங்கள் ஒப்புதலின்றிப் பயன்படுத்தலாகாது.

ஸ்கேனர் இல்லாத மருத்துவமனையில் தரமான சிகிச்சை கிடைக்காது என்று எண்ணிவிட வேண்டாம். பொறுமையுள்ள மருத்துவரின் கையில் பழைய முறையும் நன்றாகவே அமையும். அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வரும் மருத்துவக் குழுவினர் பற்களையும் பரிசோதிக்கின்றனர். அவர்கள் எழுதித்தரும் பரிந்துரைச் சீட்டை வீட்டிலேயே வைத்துவிடாதீர்கள். முதல் பல் முளைத்ததும், அல்லது ஒரு வயது நிறைவதற்குள், பிள்ளையை ஒருமுறை அழைத்து வாருங்கள். வலி இல்லாத நாளில் வரும் குழந்தை நாற்காலியில் அமர்ந்து, விளக்கைப் பார்த்து, அச்சமின்றி வீடு திரும்பும். பிறகு என்றேனும் அளவு எடுக்க நேர்ந்தால், அது தானாகவே வாயைத் திறக்கும்.